குறவஞ்சிக்கு வந்த பெத்லகேம் நாவலுக்கு ஏன் தயங்குகிறது?

விவிலியக் கதைகளை வைத்துக் காதல் நவீனம் எழுதலாமா என்று கேட்டால் இரு தரப்பார் ஒருங்கே முகம் சுளிக்கின்றனர். வேதத்தோடு கற்பனையைக் கலப்பது பாவம் என்பர் பக்தர். அது மதப் பிரசாரம், இலக்கியமாகாது என்பர் இலக்கியவாதிகள். இரு தரப்பாரும் தமிழிலக்கிய வரலாற்றை மறந்து பேசுகின்றனர் என்பது என் துணிபு.

முதலில் பக்தர் தரப்பை நோக்குவோம். நற்செய்தி நூல்கள் நான்கிலும் மரியாளின் கணவர் யோசேப்பு வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனத்தின் மேல்தான் வீரமாமுனிவர் 3615 பாடல்களால் தேம்பாவணியை எழுப்பினார். யோசேப்பு வளன் ஆனார். யூதேய நாடு மருத நிலத்தின் வளம் பெற்றது. முனிவரோ இயேசு சபைத் துறவி. 1726இல் ஒரு துறவிக்குப் பாவமாகத் தோன்றாத கற்பனை, இன்று நாவலாசிரியர் கைக்கு வந்ததும் பாவமாகிவிடுமா?

இனி இலக்கியவாதிகள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே இருக்கிறது மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். திருக்குற்றாலக் குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்றே வழங்கலாயிற்று. உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு வசந்தவல்லி காதல் கொள்வதும், குறத்தி வந்து குறி சொல்வதும் நாம் அறிந்தவை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) அதே கட்டுக்கோப்பில் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அங்கே தலைவன் கிறிஸ்து, காதலுற்று உருகும் தலைவி திருச்சபை, குறி சொல்லும் குறத்தி விசுவாசம். வகுப்பில் குற்றாலக் குறவஞ்சி நடத்துகையில் இதனைச் சொன்னால், கிறித்தவ மாணவர்களே முதலில் வியக்கின்றனர். தம் வீட்டுச் சொத்தின் பட்டியலை எவரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

மேலைநாட்டில் இத்துறை தழைத்திருக்கிறது. 1880இல் லூ வாலஸின் ‘பென்ஹர்’. 1933 முதல் 1943 வரை நான்கு பாகங்களாகத் தாமஸ் மன் எழுதிய யோசேப்பின் கதை. 1991இல் பிரான்சின் ரிவர்ஸ், ஓசியா தீர்க்கதரிசியின் திருமணத்தைக் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்துக்கு மாற்றி ‘ரிடீமிங் லவ்’ எழுதினார். வேதக் கதையைத் தம் மண்ணுக்குப் பெயர்த்து நடும் இந்த உத்தியை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சாஸ்திரியார் கையாண்டுவிட்டார். வழி நம்முடையது, நடப்போர்தாம் பிறர்.

நம்மிடையே வேதக் கதை என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் பிரசங்கத்துக்கு மாட்டிய சட்டைகள். காதலர் இருவர் கோபித்துக்கொள்வதுகூட இல்லை. யாக்கோபு ராகேலுக்காக ஏழாண்டு உழைத்து, லேயாளைக் கொடுத்து ஏமாற்றப்பட்டு, மேலும் ஏழாண்டு உழைத்தவன். அவன் கதையை அரைப்பக்கத்தில் முடித்துவிட்டு ‘பொறுமையே பெருமை’ என்று முத்தாய்ப்பு வைக்கின்றனர். விரும்பாத கணவனோடு வாழ்ந்த லேயாள் என்ன நினைத்தாள்? அதைக் கேட்பார் இல்லை.

ரூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே அதிகாரம். பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில் கணவனையும் மகன்கள் இருவரையும் பறிகொடுத்த நகோமி, மோவாபியப் பெண்ணான மருமகளோடு ஊர் திரும்புகிறாள். அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறிடுகிறாள் ரூத். களத்து மேட்டில் இரவில் போவாஸைக் காண்கிறாள். காரும் பிசானமும் கண்ட நம் வட்டாரத்து வாசகருக்குக் களமும் கதிரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் நம் மேடைகளில் ரூத் எப்போதும் அடக்கமான மருமகள் மட்டுமே. மோவாபியர் சபைக்குள் வரலாகாது என உபாகமம் விலக்கிய இனத்தவள் அவள் என்பதை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவளை மணக்கும் முதல் உரிமை போவாஸுக்கு முன்னே வேறோர் உறவினனுக்கு இருந்தது. நகோமியின் நிலத்தை மீட்க அவன் ஒப்பினான். நிலத்தோடு ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும் தன் சுதந்தரம் கெடும் என்று பின்வாங்கினான். நிலம் வேண்டும், பெண் வேண்டா! இதனை நம் ஊரில் எவருக்காவது உரை எழுதி விளக்க வேண்டுமா?

தயக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இக்கதையை நாவலாக விரித்தால், ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சாதி பார்த்தே பெண் கொடுக்கும் குடும்பங்களின் கூடத்தில் அது வந்து நிற்கும். பிரசங்கத்தை ஆமென் சொல்லி முடித்துவிடலாம். நாவல் முடிந்த பின்னும் கேட்டுக்கொண்டே இருக்கும். குறவஞ்சி பாடிய சாஸ்திரியாரே, சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்க மிஷனரிமார் முயன்றபோது எதிர்த்து நின்றார். பெரும்புலவரின் கற்பனை எட்டிய தொலைவை அவர் சமூக மனம் எட்டவில்லை. அவர் கவிதையைக் கொண்டாடுவோர் இதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எழுத முன்வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். கல்கியின் நிழலில் அரண்மனையும் ஒற்றரும் சுரங்கவழியும் அடுக்கவேண்டா. ஒரு மரக்கால் வாற்கோதுமைக்கு ஒரு கைம்பெண் எவ்வளவு நேரம் குனிய வேண்டியிருந்தது என்பதை எழுதுங்கள். போவாஸின் சுற்றத்தார் திருமணத்தன்று என்ன முணுமுணுத்தனர் என்பதை எழுதுங்கள். அந்த மோவாபியப் பெண்ணின் கொள்ளுப்பேரன்தான் தாவீது அரசன் என்பதை வேதமே எழுதி வைத்திருக்கிறது. வேதம் மறைக்காததை நாவலாசிரியர் ஏன் மறைக்க வேண்டும்?