கவசத்துக்குத் தோல் பதனிட்டது யார்?

கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கு சாமுராய் படங்கள் மீது பித்து. வாள், மானம், எசமான விசுவாசம் எல்லாவற்றையும் வாய்பிளந்து பார்த்தவன்தான் நானும். சாதி என்றால் என்னவென்று புரியத் தொடங்கிய பிறகு அதே படங்களைத் திரும்பப் பார்க்கிறேன். கண்ணில் படுவது வேறாக இருக்கிறது.

குரோசவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) கதை நடப்பது 1586இல். தோற்று ஓடிவந்த சாமுராய்களைக் கொன்று பறித்த கவசங்களை விவசாயிகள் ஒளித்து வைத்திருப்பது தெரியவருகிறது. சாமுராய்கள் கொதிக்கிறார்கள். விவசாயி மகனான கிகுச்சியோ வெடிக்கிறான்: ஊரை எரித்து, பெண்களைச் சீரழித்து, இவர்களை இப்படி ஆக்கியதே நீங்கள்தானே! இரண்டே ஆண்டுகளில், 1588இல், ஹிதேயோஷி விவசாயிகளின் வாள்களைப் பறிமுதல் செய்யும் ஆணையைப் பிறப்பித்தார். வாள் ஒரு பிறப்பின் சொத்தாக இறுகத் தொடங்கியது.

கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) இன்னும் கூர்மை. வறுமையால் இரும்பு வாளை விற்றுவிட்டு மூங்கில் வாளோடு வந்த இளைஞனை, அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைக்கிறது ஒரு பிரபுக் குலம். அக்குலம் போற்றும் மூதாதையர் கவசம் உள்ளே வெறுங்கூடு. நாயகன் அதைத் தூக்கி எறிகிறான். பிறகு அதை நிமிர்த்தி வைத்து, நடந்ததைக் குறிப்பேட்டில் மறைத்து எழுதுகிறார்கள்.

வரலாற்றிலும் இதுதான் நடந்தது. வாள் தரிக்கும் உரிமையை சாமுராய்கள் 1876இல் இழந்தார்கள். உலகம் கொண்டாடும் ‘புஷிடோ’ நூல், சாமுராய் குடும்பத்தில் பிறந்த நிடோபே இனாசோ 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதிகாரம் போன பிறகு எழுதப்பட்ட பெருமை அது.

ஆனால் இந்த நல்ல படங்களும் தொடாத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கவசத்துக்குத் தோல் பதனிட்டுக் கொடுத்தது யார்? செத்த மாட்டை உரித்ததற்காக, ‘அசுத்தம் மிகுந்தோர்’ என்று பொருள்படும் ‘எட்டா’ என்ற பெயர் சூட்டி ஒதுக்கப்பட்டவர்கள். வீரனுக்கு அவர்கள் தோல் வேண்டும், அவர்கள் வேண்டாம். 1871 அரசாணை அந்தப் பெயரை ஒழித்தது, இழிவை ஒழிக்கவில்லை. 1922இல் கியோத்தோவில் அவர்களே ‘சுய்ஹெய்ஷா’ கண்டார்கள். நீர்மட்டம்போல் எல்லோரும் சமம் என்பது அப்பெயரின் பொருள்.

‘ஹராகிரி’ வந்த அதே 1962இல், ஷிமாசாகி தோசோனின் ‘ஹகாய்’ (1906) நாவலை இச்சிகாவா கோன் படமாக்கினார். தன் பிறப்பை மறைத்து வாழும் ஓர் ஆசிரியரின் கதை. அதில் வாள்வீச்சு இல்லை. நாம் பகிரும் ‘பார்க்க வேண்டிய ஜப்பானியப் படங்கள்’ பட்டியலில் அதைக் காணோம்.

தோழர்களே, சாமுராய் படங்களைப் பாருங்கள். ‘ஹராகிரி’ பார்த்த மறுநாள் இரவு ‘ஹகாய்’ பாருங்கள். வாள் பிடித்தவனின் மானத்தை மட்டும் பார்த்தால் பாதி ஜப்பான்தான் தெரியும்.