ஓசூர் வாடகை வீட்டுக்கு எர்த் வேண்டாமா?

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது ஓசூர். சேலம் வியர்த்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் இங்கே விடிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவருக்கு வெந்நீர் வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் கீசர் மாட்ட இடமும் இல்லை, அதற்கு ஓனர் சம்மதிப்பதும் இல்லை. எனவே ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதன் விளிம்பில் தொங்கும் ஹீட்டர் ராடு. பல அறைகளில் ராடின் மூன்று முள் பிளக் உடைந்து போயிருக்கும். வயர் முனையைச் சீவி, தீக்குச்சி வைத்து பாயிண்டில் சொருகியிருப்பார்கள். சுவிட்சை அணைக்காமலே தண்ணீரில் விரல் விட்டுச் சூடு பார்ப்பதும் வழக்கம்தான்.

இதே தொழிலாளி ஆலைக்குள் வேறு மனிதர். பழுது பார்க்கும் முன் இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டு போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் நடைமுறை பெரிய ஆலைகளில் உண்டு. மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினத்தில் கையை நீட்டி உறுதிமொழியும் எடுக்கிறார்கள். கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அந்தப் பூட்டுக்கும் சாவிக்கும் வேலையில்லை. ஆலைத் தொழிலாளிக்கான பாதுகாப்புச் சட்டம் ஆலையின் சுற்றுச்சுவரோடு நின்றுவிடுகிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் மின்சாரம் தாக்கி 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நாட்டில் இறந்திருக்கிறார்கள்.

“ட்ரிப்பர் போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?” என்று கேட்கிற ஓனர்கள் ஏராளம். சிக்கலே அங்கேதான். மீட்டர் பெட்டியில் பொதுவாக இருப்பது எம்.சி.பி. அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக்கையோடு தொட்டவரின் உடலில் அப்போது பாயக்கூடியது சுமார் 0.2 ஆம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளமாகப் போதும், ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி, விழாது. உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு கருவி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இடையில் 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் வேறு வழியில் கசிந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் பிடித்தவரை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆர்.சி.சி.பி. இன்னும் அவசியம். கிரானைட் வெட்டியெடுக்கும் பூமி இது. பாறையும் வறண்ட சரளையும் உள்ள இடத்தில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பும் எர்த் சரியாக இறங்குவதில்லை. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீரும் ஊற்றிப் பராமரித்தால்தான் ஓரளவு வேலை செய்யும். பத்து அறை கட்டி ஆளுக்கொரு சப்-மீட்டர் வைக்கிற ஓனர், யூனிட் கணக்கில் காட்டும் அக்கறையை அந்தக் குழியில் காட்டுவதில்லை. பல இடங்களில் பிளக் பாயிண்டில் எர்த்துக்கான மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கிறது. அதன் பின்னால் வயரே கிடையாது.

இப்போது அந்தப் பாயிண்டில் ஸ்கூட்டரும் ஏறுகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் நாடு முழுக்க ஓடுகின்றன. அவற்றைச் செய்கிறவர்களும் வாங்குகிறார்கள். மணிக்கணக்கில் சார்ஜ் ஏறுகிற வண்டிக்கு, ஃபேனுக்காக இழுத்த மெல்லிய வயரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தாங்காது. 2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில், இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துக் கிளம்பிய புகையில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதன் பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. வண்டிக்கு விதி வந்தது. வண்டியைச் சொருகுகிற சுவரை யாரும் பார்க்கவில்லை.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறைகள் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பற்றிப் பேசுகின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் அதை வலியுறுத்துகிறது. குறை, பழைய கட்டடங்களை யார் போய்ப் பார்ப்பது என்பதில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து ஆறு மாதத்தில் அறை மாறிப் போகிற இளைஞர் எர்த் கேட்டுச் சண்டை போடமாட்டார். போட்டால் அறை கிடைக்காது. ஆகவே பொறுப்பு ஓனருடையது, செலவும் அவருடையது. கருவியின் விலை பெரும்பாலும் ஓர் அறையின் ஒரு மாத வாடகையைத் தாண்டாது.

ஆலைகளும் ஒன்று செய்யலாம். ஆளெடுக்கும்போது முகவரியைக் குறித்துக்கொள்கிறார்கள். தங்கள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை டெஸ்டரோடு அந்த முகவரிக்கு ஒருமுறை அனுப்பட்டும். மின்வாரியம் கூடுதல் இணைப்பு கேட்டு வரும் லைன் வீட்டு உரிமையாளரிடம் முதலில் ஆர்.சி.சி.பி.யைக் காட்டச் சொல்லட்டும். குடியிருப்பவர்கள் பெட்டியைத் திறந்து ‘டி’ என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் கருவி உயிரோடு இருக்கிறது. பொத்தானே இல்லையென்றால் இந்த மாத வாடகையைக் கொடுக்கும்போது ஓனரிடம் கேளுங்கள். வெளியே கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.