வெங்காயத்துக்கு எருவா, உரமா?

வாங்கி வந்த சின்ன வெங்காயம் பத்தே நாளில் கழுத்துப் புறம் மெத்தென்று அழுகிப் போவதைக் கண்டு கடைக்காரரை நொந்துகொள்ளாத இல்லத்தரசிகள் அரியர். ஆனால் பல சமயங்களில் அந்தக் குற்றம் கடையில் ஆரம்பமாவதில்லை. வயலில், உரமிட்ட கையிலேயே ஆரம்பமாகிறது.

வெங்காயத்தின் வேர் மிகவும் குட்டையானது. ஆழத்திலுள்ள சத்தைத் தேடிச் செல்லும் வல்லமை அதற்கு இல்லை. ஆகவே மேல்மண் பொலபொலவென்றிருந்து ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். இந்த வேலையை மூட்டை உரம் செய்யாது. நன்கு மக்கிய தொழு எருவே செய்யும். ஏக்கருக்குப் பத்து டன் எருவைக் கடைசி உழவில் கலந்துவிடுவது நலம். மக்காத சாணத்தை இட்டாலோ, களையும் புழுவும் உடன் வரும்.

அப்படியாயின் எரு ஒன்றே போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். எரு தன் சத்தை மெல்ல மெல்லவே விடும். சின்ன வெங்காயமோ 70 முதல் 90 நாட்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும் அவசரக்காரப் பயிர். அதற்கு உடனே கிடைக்கும் சத்தும் வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபார்சை ஏக்கர்க் கணக்கில் சொன்னால், நடவுக்கு முன் தழைச்சத்து 12 கிலோ, மணிச்சத்து 24 கிலோ, சாம்பல்சத்து 12 கிலோ. அதாவது யூரியா 26 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 20 கிலோ. முப்பதாம் நாள் களையெடுத்து, மேலுரமாக மீண்டும் யூரியா 26 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டிலுள்ள கந்தகமே வெங்காயத்தின் காரத்துக்கும் துணை செய்கிறது. மண்ணைப் பரிசோதித்து இவ்வளவைக் கூட்டிக் குறைப்பது உத்தமம்.

ஆசை மிகுந்து, காய் திரளும் காலத்தில் மேலும் யூரியாவை வீசினால் தாள் கருகருவென்று செழிக்கும், பார்ப்பவர் மெச்சுவர். ஆனால் கழுத்து தடித்துக் காயாமல் நிற்கும். அவ்வழியே அழுகல் புகும்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் குடியானவர் அறுவடையைப் பட்டறை போட்டு வைத்து, நல்ல விலைக்குக் காத்திருப்பார். அடுத்த போகத்துக்கு விதைக்காயும் அதிலிருந்தே எடுப்பார். பட்டறை அழுகினால் இந்த ஆண்டின் லாபத்தோடு வரும் போகத்தின் விதையும் போயிற்று. வயலில் நிறுத்த விளைச்சல் பாதிக் கணக்கே; பட்டறையில் தங்கியதுதான் முழுக் கணக்கு.