மருந்துப் புட்டியைத் திறக்குமுன் செவுளைத் திறந்து பாருங்கள்

கிணற்று மேட்டிலும் தென்னந்தோப்பு ஓரத்திலும் நாலைந்து சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டி வண்ண மீன் வளர்க்கும் விவசாயிகள் நம்மிடையே பலர் உண்டு. கறவை மாடு ஒன்று வைத்துக்கொள்வதைப்போல இதுவும் அவர்களுக்கு ஓர் உபதொழில். கப்பி, மோலி, தங்கமீன், கோய்க்கெண்டை ஆகியவற்றை வளர்த்துச் சென்னை கொளத்தூர் வியாபாரிகளுக்கோ பக்கத்து நகரத்து மீன் கடைக்கோ கொடுக்கிறார்கள். இத்தொழிலில் நஷ்டப்பட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் நோயைத்தான் சொல்வார்கள். நோய் உண்டாக்கிய சேதம் பாதி, நோய் இன்னதென்று தெரியாமல் ஊற்றிய மருந்து உண்டாக்கிய சேதம் பாதி என்பது என் அபிப்பிராயம்.

காலையில் இரண்டு மீன் செத்து மிதந்தால் முதலில் மஞ்சள் தூள் போகிறது. மறுநாள் கடையில் கொடுத்த நீல மருந்து. மூன்றாம் நாள், பருத்திக்கு வாங்கி மீந்துபோன பூச்சி மருந்து. "ஏதாவது ஒன்று கேட்காதா?" என்கிறார்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் மனிதரையும் மாட்டையும்விட மீனுக்குப் பல மடங்கு கொடிய விஷம். பருத்திக்குத் தெளித்த கைத்தெளிப்பானைத் தொட்டித் தண்ணீரில் அலசியதாலேயே மீன்கள் மாண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெள்ளாடு கழிந்தால் நம் ஆட்டுக்காரர் இப்படிச் செய்வதில்லை. நாடாப்புழுவுக்கு ஒரு மருந்து, உருண்டைப்புழுவுக்கு ஒரு மருந்து, ஈரல் தட்டைப்புழுவுக்கு இன்னொன்று என்று அவருக்குத் தெரியும். சாணத்தைப் பார்க்காமல் மருந்து வாங்கமாட்டார். அதே மனிதர் மீன் தொட்டிக்கு வந்ததும் அந்த விவேகத்தைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

முதலில், இது புழுதானா என்று தெரியவேண்டும். விடியற்காலையில் மீன்கள் எல்லாம் ஒன்றாக மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, வெயில் ஏறியதும் தெளிந்து கீழே போய்விடுகின்றன என்றால் அது பிராணவாயுக் குறைவு. இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து பிராணவாயுவைச் செலவழித்துவிட்டன என்று பொருள். அதற்கு மருந்து தேவையில்லை. தீவனத்தைக் குறைத்துக் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். புழு விழுந்த தொட்டியின் அடையாளம் வேறு. எல்லா மீனும் ஒரே சமயத்தில் வாடாது. சில மீன்கள் மட்டும் பகலிலும் மூச்சு வாங்கும். ஒரு பக்கச் செவுள் மூடி தூக்கியபடி நிற்கும். உடம்பைத் தொட்டிச் சுவரில் தேய்த்துக்கொண்டு பளிச்சென்று திரும்பும். துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். உடம்பில் சாம்பல் படர்ந்ததுபோல் வழவழப்பு அதிகமாகத் தெரியும்.

இந்த அடையாளங்கள் இருந்தால் தங்கமீனிலும் கோய்க்கெண்டையிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது செவுள் தட்டைப்புழு. இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயிர். வெறும் கண்ணுக்கு அகப்படாது. செத்துக்கொண்டிருக்கும் நிலையிலுள்ள மீனை, அல்லது அந்த நிமிடம் செத்த மீனை எடுத்து, செவுள் இழையில் நகக்கண்ணளவு வெட்டி, கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரில் வைத்து, நுண்ணோக்கியில் 40 மடங்கு அல்லது 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் நீண்டும் சுருங்கியும் ஆடிக்கொண்டிருக்கும். தலைப்பக்கம் நான்கு கரும்புள்ளிக் கண்கள், வால்பக்கம் கொக்கி. அந்தக் கொக்கியால்தான் செவுளைக் குத்திப் பிடிக்கிறது. இதற்கு உறவான இன்னொன்று உண்டு. அது பெரும்பாலும் தோலிலும் துடுப்பிலும் இருக்கும், கண் புள்ளிகள் கிடையாது. நன்றாகப் பார்த்தால் தாய்ப்புழுவின் வயிற்றுக்குள் கொக்கியோடு கூடிய குட்டி தெரியும். குட்டியின் வயிற்றில் அதன் குட்டியும் வளர்ந்துகொண்டிருக்கும்! கண்ணுள்ளது முட்டையிடும், கண்ணில்லாதது குட்டி போடும். இந்த ஒரு வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டால் மருந்தை எத்தனை முறை போடவேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

இவ்விரண்டு தட்டைப்புழுவுக்கும் இன்று சிறந்த மருந்து பிராசிகுவாண்டல். லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் கணக்கு. ஆனால் எந்த மருந்தையும் தொட்டியின் கொள்ளளவு தெரியாமல் போடலாகாது. தொட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், தண்ணீர் 2 அடி என்றால் 120 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக மொத்தம் சுமார் 3,400 லிட்டர். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வீதம் எட்டரை கிராம் மருந்து. இம்மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. தூளை அப்படியே தூவினால் அடியில் தங்கிவிடும். சிறிது தண்ணீரில் நன்றாகக் குழைத்துக் கலக்கிப் பரவலாக ஊற்றவேண்டும். முட்டையை இது கொல்லாது. நம் ஊர் வெப்பத்தில் முட்டைகள் சில நாட்களிலேயே பொரித்துவிடும். ஆகவே செவுளில் இருப்பது கண்ணுள்ள வகையானால் வாரத்துக்கொரு முறை மூன்று தடவை போடுதல் வேண்டும். குட்டி போடும் வகைக்குப் பெரும்பாலும் ஒரு முறையே போதும். "மருந்து போட்டேன், பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது, மருந்து போலி" என்று சொல்பவர்கள் முட்டையை மறந்தவர்கள்.

மருந்து விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு நம் கல்லுப்பு இருக்கிறது. லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைசலை ஒரு பாத்திரத்தில் கலக்கித் தங்கமீன்களையும் கோய்க்கெண்டைகளையும் கைவலையோடு சில நிமிடங்கள் மூழ்கவைக்கலாம். மீன் நிலைதடுமாறிச் சாய்ந்ததும் உடனே எடுத்து நல்ல தண்ணீரில் விடவேண்டும். தோல் புழுவுக்கு இது நல்ல பலன் தரும். செவுள் புழு முழுவதையும் ஒழிக்கும் என்று நம்பிவிடவேண்டாம். ஒரு மண்ணியல் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சிலர் தொட்டி முழுவதிலும் லிட்டருக்கு 3 கிராம் உப்புப் போட்டுவிட்டு, வடிகிற தண்ணீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்புகிறார்கள். 3,400 லிட்டரில் பத்துக் கிலோ உப்பு இருக்கிறது. மீனைக் காப்பாற்றப் போய் நிலத்தைக் களராக்கிக்கொள்ளாதீர்கள்.

பார்மலின் பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் தட்டைப்புழுவைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கும். ஏற்கெனவே செவுள் புண்பட்டு மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்குக் காற்றுக் குழாய் இல்லாத தொட்டியில் பார்மலின் போடுவது ஆபத்து. புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது மீனுக்கு விஷம், தொடவே கூடாது. சிறு விவசாயிக்கு நான் பார்மலினைச் சிபாரிசு செய்வதில்லை.

கப்பி, மோலி வளர்ப்போருக்கு வரும் தொல்லை வேறு. மீன் வயிறு ஒட்டிப்போய், ஆசன வாயிலில் சிவப்பு நூல்கள் இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருக்கும். மீன் அசையாமல் நிற்கும்போது வெறும் கண்ணுக்கே தெரியும். இது குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. தட்டைப்புழு மருந்தான பிராசிகுவாண்டல் இதனிடம் பலிக்காது. எத்தனை கிராம் போட்டாலும் காசு வீண். இதற்கு லெவமிசோல் தேவை. லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஒரு நாள் முழுவதும். மேற்சொன்ன தொட்டிக்கு ஏறக்குறைய 7 கிராம். இம்மருந்து புழுவை முடக்கி வெளியே தள்ளும். தள்ளப்பட்ட புழுவின் வயிற்றில் உயிருள்ள குஞ்சுகள் இருக்கும். ஆகவே மறுநாள் தொட்டியின் அடிக்கசடு முழுவதையும் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றவேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை மருந்து போடவேண்டும். ஆட்டுக்கு வாங்கிய லெவமிசோல் புட்டி வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அவற்றில் பல கலவை மருந்துகள். ஈரல் புழுவுக்கான வேறு மருந்தும் சேர்ந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் தொட்டியில் ஊற்றலாகாது.

இனி நங்கூரப் புழு. பெயர்தான் புழு, உண்மையில் இது இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த உயிர். கெண்டையின் உடம்பில் செதிலுக்கடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு நூல் போலத் தொங்கும். நுனியில் இரு முட்டைப் பைகள் கவட்டை போலப் பிரிந்திருக்கும். தலை நங்கூரமாகச் சதைக்குள் பதிந்திருப்பதால் தண்ணீரில் கலக்கும் மருந்து பெரிய புழுவுக்கு எளிதில் எட்டாது. சிறிய இடுக்கியால் அடியோடு பிடித்து இழுத்துவிட்டு, புண்ணில் அயோடின் தொட்டுவைப்பது கைவேலை என்றாலும் நூறு தாய்மீன் வைத்திருப்பவருக்கு அதுவே நல்ல வழி. தண்ணீரில் நீந்தும் இளம் பருவங்கள் இருப்பதால் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து கவனித்து எடுக்கவேண்டும். பழைய கையேடுகளில் இதற்கு டிப்டெரெக்ஸ் என்ற பெயரில் டிரைகுளோர்பான் சிபாரிசு செய்யப்பட்டிருக்கும். அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு இன்றும் கேட்பவர்கள் உண்டு. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு பிறப்பித்த ஆணைப்படி டிரைகுளோர்பான், டைகுளோர்வாஸ் இரண்டும் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டன. ஆகவே அந்தப் பக்கத்தைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.

மீன் பேனும் இந்த நண்டு வகையறாதான். பயறு போலத் தட்டையாக உடம்பில் ஒட்டி ஓடும். இதன் பலவீனம், முட்டையைக் கெட்டியான பொருளின் மேல் வரிசையாக ஒட்டிவைப்பது. பழைய பலகைத் துண்டுகளைத் தொட்டியில் செருகிவைத்து, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை எடுத்துச் சுள்ளென்ற வெயிலில் காயவைத்தால் முட்டைகள் கருகிவிடும். காசில்லாத வைத்தியம். உடம்பில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது நத்தையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கொக்கு, மீன்கொத்திக்கும் போகும் ஒரு தட்டைப்புழுவின் குஞ்சு. மீனுக்கு அதனால் பெரிய கேடில்லை, அழகுதான் கெடும். நத்தையைப் பொறுக்கித் தொட்டிக்கு வலை போட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

கண்ணாடித் தொட்டியின் சுவரில் வெள்ளை நூலாகப் புழு ஊர்கிறது என்று பதறிப்போய் வருவோரும் உண்டு. அது மீனைத் தின்னும் புழுவல்ல. மிஞ்சிய தீவனத்தைத் தின்னும் புழு. தீவனத்தைக் குறையுங்கள், மறைந்துவிடும்.

கடலோரத்தில் உப்புநீர் மீன் வளர்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறை கைகூடியுள்ளது. அம்மாதிரிக் கடல் மீனுக்கும் தோலிலும் கண்ணிலும் ஒட்டும் தட்டைப்புழு உண்டு. கண்ணாடி போல இருப்பதால் மீனின் மேல் இருக்கும்வரை தெரியாது. அங்கே கணக்குத் தலைகீழ். நன்னீர் மீனுக்கு உப்புநீர் மருந்தென்றால், கடல் மீனுக்கு நன்னீரே மருந்து. குளோரின் இல்லாத, அதே சூடுள்ள நன்னீரில் சில நிமிடங்கள் விட்டால் புழுக்கள் வெளுத்துப் போய்ச் செதில் செதிலாகப் பாத்திரத்தின் அடியில் விழும். நோயைக் கண்டுபிடிப்பதும் தீர்ப்பதும் ஒரே வேலையாக முடிகிறது.

இவ்வளவும் வண்ண மீனுக்குச் சொன்னது. சாப்பாட்டுக்கு வளர்க்கும் கட்லா, ரோகு குட்டையில் மருந்து போடுமுன் மீன்வளத் துறையினரைக் கலந்துகொள்ளாமல் எதையும் செய்யவேண்டாம்.

புழு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் காசு கொடுத்து வாங்கிவரும் தாய்மீனோடு வருகிறது. சாக்கடையில் அள்ளிய டியூபிபெக்ஸ் புழுவைத் தீவனமாகப் போட்டால் வேறு நோய்களும் சேர்ந்து வருகின்றன. புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில், தனிக் கைவலையோடு வைத்திருந்து பிறகு சேர்க்கவேண்டும். இதைச் சொன்னால் "தொட்டி எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். ஆறு தொட்டி கட்டுபவர் ஐந்தில் மீன் விட்டு ஒன்றைக் காலியாக வைத்திருக்கவேண்டும். கடன் கொடுக்கும் வங்கியும் திட்ட மதிப்பீட்டில் அந்த ஆறாவது தொட்டியை ஒப்புக்கொள்ளவேண்டும். இப்போது உற்பத்தித் தொட்டிக்கு மட்டும் கணக்குப் பார்க்கும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

வியாபாரிகளையும் சும்மா விடுவதற்கில்லை. வாங்கும்போது ஒரு மீன் உடம்பைத் தேய்த்தாலும் முழுத் தொட்டியையும் கழித்துவிடுகிற அவர்கள், தாய்மீனை விற்கும்போது மட்டும் "தண்ணீரை விட்டுப் போனபின் பொறுப்பில்லை" என்கிறார்கள். கழிக்கப்பட்ட மீன்களால் ஒரு குடும்பத்துக்கு மூன்று மாத உழைப்புப் போகிறது. மீன் வளர்ப்போர் குழுவாகச் சேர்ந்து தாய்மீனை வாங்கினால், விலை பேசும்போதே நாலு மீனின் செவுளைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம். தனியாளாகக் கேட்டால் யாரும் மதிப்பதில்லை.

அதற்கும் நுண்ணோக்கி வேண்டும். பள்ளிக்கூடங்களில் வைத்திருக்கும் மாணவர் நுண்ணோக்கியே இதற்குப் போதும். ஒரு நல்ல கிடாவின் விலைக்குள் கிடைக்கும். குழுவுக்கு ஒன்று வாங்கிப் பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் பழக்கினால் செவுள் புழுவையும் தோல் புழுவையும் பிரித்துச் சொல்லிவிடுவாள். பயிற்சி முகாம்களில் மருந்துப் பட்டியலை அச்சிட்டுக் கொடுப்பதைவிடக் கண்ணாடிச் சில்லைக் கையில் கொடுப்பது மேல் என்று என் சகாக்களிடம் பலகாலமாகச் சொல்லிவருகிறேன். சந்தேகம் இருந்தால் செல்போனை நுண்ணோக்கியின் கண்மேல் வைத்துப் படம் எடுத்து மீன்வள நிபுணருக்கு அனுப்பலாம். நேரில் கொண்டுவருவதானால் செத்த மீனைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். மீன் செத்த சில மணி நேரத்தில் புழுவும் செத்துப்போகும் அல்லது கழன்றுவிடும். நோய் கண்ட மீன் இரண்டையும் நல்ல மீன் ஒன்றையும் உயிரோடு, காற்றடைத்த பையில் தொட்டித் தண்ணீரிலேயே, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவாருங்கள். வேறொரு புட்டியில் ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரும், அதுவரை என்னென்ன ஊற்றினீர்கள் என்ற விவரமும் கூட வரட்டும்.