பல்லு சொன்ன ஊர்!

சின்ன வயசுல நீங்க குடிச்ச தண்ணி எந்தப் பக்கத்துத் தண்ணின்னு உங்க பல்லை வெச்சே கண்டுபிடிக்கலாம்னா நம்புவீங்களா? ‘காதுல பூ சுத்தாதடா’ன்னு எங்க கிளாஸ்ல கலாய்ச்சாங்க. பூ இல்லை பாஸ், கெமிஸ்ட்ரி!

மேட்டர் நடந்தது பஞ்சாப்ல. அமிர்தசரஸ் பக்கத்துல அஜ்னாலானு ஒரு ஊர். அங்கே குருத்வாராவுக்கு அடியில மூடிக்கிடந்த பழைய கிணத்தை 2014-ல ஊர்க்காரங்களே சேர்ந்து தோண்டினாங்க. மண்டை ஓடு, எலும்பு, நாணயம், பதக்கம்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. யாரோட எலும்பு? 1947 பிரிவினைக் கலவரத்துல செத்தவங்கன்னு ஒரு கட்சி. 1857-ல லாகூர் பக்கம் மியான் மீர் முகாம்ல கிளர்ச்சி பண்ணிட்டுத் தப்பி வந்த 26-வது வங்கக் காலாட்படை சிப்பாய்கள்னு இன்னொரு கட்சி.

ரெண்டாவது கட்சிக்குச் சாட்சி, கொன்னவரேதான். அப்போ அமிர்தசரஸ் துணை கமிஷனரா இருந்த ஃப்ரெடரிக் கூப்பர், பிடிபட்ட 282 பேர்ல 237 பேரைச் சுட்டதையும், மீதி 45 பேர் அடைச்சுவெச்ச அறையிலேயே மூச்சு முட்டிச் செத்ததையும், எல்லாரையும் கிணத்துல போட்டதையும் அடுத்த வருஷமே புத்தகமா எழுதிட்டார். அதுவும் பெருமையா!

ஆனா, எழுதினது போதுமா? எலும்பு ஒத்துக்கணுமே! பஞ்சாப் பல்கலைக்கழக மானுடவியலாளர் ஜே.எஸ்.செஹ்ராவத் இதைக் கையில எடுத்தார். நிபுணர்கள் இல்லாம ஆர்வக்கோளாறுல தோண்டினதுல எலும்பெல்லாம் ஏகத்துக்கு உடைஞ்சு, கலந்து கிடந்துச்சு. தப்பிச்சது பல்லுதான். ஒண்ணு ரெண்டு இல்லை, 9,000-க்கும் மேல!

பல்லோட எனாமல் சின்ன வயசுல உருவாகறதோட சரி, அப்புறம் மாறாது. தண்ணியில இருக்கிற ஆக்சிஜன்ல கனமான ரகம், லேசான ரகம்னு உண்டு. கடல்ல இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எப்படி மழைங்கிறதைப் பொறுத்து அந்த விகிதம் மாறும். அது அப்படியே எனாமல்ல பதிவாகிடும். காணையில வளர்ந்த என் பல்லும் ஊட்டியில வளர்ந்த என் ரூம்மேட் பல்லும் ஒரே கதை சொல்லாது. (அவன் பல்லு விளக்கறதே இல்லைங்கிறது தனி ஆராய்ச்சி!)

செஹ்ராவத்தோட ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி கே.தங்கராஜும், லக்னோ, வாரணாசி ஆய்வாளர்களும் கைகோத்தாங்க. 85 சாம்பிள்ல ஆக்சிஜன் கணக்கு, 50 சாம்பிள்ல தாய்வழி டி.என்.ஏ. முடிவு 2022 ஏப்ரல்ல ‘ஃப்ரான்டியர்ஸ் இன் ஜெனெடிக்ஸ்’ இதழ்ல வந்துச்சு. இவங்க பஞ்சாப்காரங்களே இல்லை. கங்கைச் சமவெளிக்காரங்க. அதாவது உ.பி., பீகார், வங்காளம் பக்கம். அந்தப் படைக்கு ஆள் எடுத்த ஏரியாவும் அதுதான்!

சினிமாவுல ஃபாரன்சிக்னா கொலைகாரனைப் பிடிக்கறது. இங்கே பிடிக்க யாரும் உயிரோட இல்லை. செத்தவங்களுக்கு அவங்க ஊரையும் பேரையும் திருப்பித் தர்றதுதான் வேலை. இதுக்குப் பேர் மனிதநேயத் தடயவியல். பழங்கதைன்னு நினைக்காதீங்க. ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 45’னு ஒட்டியிருக்கிற ரயில்வே போலீஸ் நோட்டீஸைத் தாண்டித்தானே நாமளும் விழுப்புரம் ஜங்ஷன்ல டிரெயினுக்கு ஓடுறோம்? 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுல இறந்தவங்களைப் புத்துமலையில வெறும் நம்பர் போட்டுப் புதைச்சாங்க. அப்புறம் சொந்தக்காரங்க ரத்தத்தோட டி.என்.ஏ. பொருந்தப் பொருந்த, நம்பர் இருந்த இடத்துல பேர் வந்துச்சு.

அஜ்னாலாவுல அது அவ்வளவு ஈஸி இல்லை. ஆய்வு சொன்னது ஏரியாவை, பேரை இல்லை. பேருக்கு வாரிசு வேணும். அங்கேதான் ஒரு சிக்கல். தாய்வழி டி.என்.ஏ. அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். ஸோ, சிப்பாயோட மகன், பேரன் யார்கிட்டயும் அவரோடது இருக்காது. அவரோட அக்கா, தங்கச்சி, அவங்க பொண்ணு, அந்தப் பொண்ணோட பொண்ணுன்னு போய்த் தேடணும். 1857-ல இருந்து பொண்ணுங்க பேரையும் எழுதிவெச்ச வீடு எத்தனை இருக்கும்?