ஓஃபிர் சாலையில் தமிழர் எழுப்பிய கோபுரம்

லிட்டில் இந்தியாவிலிருந்து பூகிஸ் பக்கம் நடந்தால், ஓஃபிர் சாலையில் கூர்மையான கோபுரத்துடன் ஒரு தேவாலயம் தெரியும். அதுதான் லூர்து அன்னை தேவாலயம். எனக்குத் தெரிந்த இளையர்கள் பலர் பேருந்தில் போகும்போது அதைப் பார்த்திருக்கிறார்கள். தமிழர்களுக்காகக் கட்டப்பட்ட கோயில் என்று சொன்னால், “அப்படியா?” என்று வியக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் தனி ஆலயம் கிடையாது. குவீன் ஸ்திரீட்டில் உள்ள புனித பேதுரு, பவுல் தேவாலயத்தில் சீனர்களோடு சேர்ந்து வழிபட்டார்கள். அக்காலத்தில் திருப்பலி லத்தீனில்தான் நடக்கும். ஆனால் மறையுரையைக் கேட்கவும் பாவசங்கீர்த்தனம் செய்யவும் தாய்மொழி வேண்டுமே! அந்தத் தேவைக்காகவே 1886 ஆகஸ்ட்டில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிரெஞ்சுக் குருவான மெனுவ்ரியர் முன்னின்று நடத்திய பணி, 1888 மே மாதம் நிறைவடைந்தது.

வடிவம் பிரான்சின் லூர்து நகரப் பேராலயத்தைத் தழுவியது. பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் லூர்து. 1858இல் அங்கு ஓர் ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். திருச்சியில் உள்ள லூர்து அன்னை ஆலயமும் அதே பேராலயத்தைப் பின்பற்றி எழுந்ததுதான். திருச்சிக்காரர்கள் இங்கு வந்தால் ஊர் ஞாபகம் வரும்.

இந்தக் கட்டடக்கலைக்கு ‘கோதிக்’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் பிறந்தது. அரைவட்ட வளைவு, மேலிருக்கும் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். அதைத் தாங்கத் தடித்த சுவர் தேவை. கூர்முனை வளைவோ பாரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்கிவிடும். அதனால் சுவரை உயர்த்தலாம், சன்னல்களையும் பெரிதாக வைக்கலாம். இங்குள்ள வளைவுகளைக் கவனித்தால் இது புரியும்.

வரைபடத்தைத் தயாரித்த சுவான் அண்ட் லெர்மிட் நிறுவனம், பிற்பாடு சுவான் அண்ட் மெக்லாரன் ஆனது. 1899இல் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் ஹோட்டலின் பிரதான கட்டடமும் இந்த நிறுவனத்தின் கைவண்ணமே.

1974 வரை தமிழர்களுக்கென்றே இருந்த இந்த ஆலயம், பிறகு எல்லா இனத்தவருக்கும் பொதுவானது. தமிழ்த் திருப்பலி இன்றும் நடக்கிறது. 2005 ஜனவரியில் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே கட்டடத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் எந்த மொழிக்காக இதைக் கட்டினார்களோ, அந்த மொழியை வீட்டில் பேசவைக்கச் சட்டத்தால் முடியாது. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்குத் தமிழ் மறையுரை எப்படிப் புரியும்? கோயில், பள்ளிவாசல் எதுவானாலும் இதே கேள்விதான்.

எந்தச் சமயத்தவரானாலும் ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். ரோச்சோர் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம்தான். வழிபாடு இல்லாத நேரமாகப் பார்த்து, அடக்கமான உடையில் செல்லுங்கள். யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் தமிழிலேயே சொல்லுங்கள்.