விம்கோ நகர் டு ஏர்போர்ட்: பெட்டிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஒரு வீட்டுக்கு விசா வந்துவிட்டது என்றால், அடுத்த வாரமே பெட்டி பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். வெல்டர், ஃபிட்டர் வேலைக்கு வளைகுடா போகிறவர், கப்பலில் சேரப் போகிறவர், வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளை என்று எல்லோரும் இங்கே ஒரே தெருவில் இருப்பார்கள். "முதல் தடவை போறான், நல்ல கம்பெனி பெட்டியா வாங்கிக் குடுங்க" என்பார் மாமா. "பாரிமுனையில ரெண்டாயிரத்துக்குக் கிடைக்கும்போது எதுக்குப் பத்தாயிரம்?" என்பார் அம்மா. ஏஜென்ட்டுக்கும் மெடிக்கலுக்கும் வட்டிக்கு வாங்கிக் கட்டிய வீட்டில் அந்த எட்டாயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை.

நான் எந்தக் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போகிறவருக்குப் பிரீமியம் பெட்டி தேவையில்லை. அதற்காக இருப்பதிலேயே மலிவானதை வாங்கினால், பாதி வழியில் கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடும். நடு விலையில் வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேலே இருக்கும் பெயரைப் பார்க்காமல், அடியில் இருக்கும் சக்கரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

விமான நிலையத்தின் வழவழ தரையில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் உருளும். நம் ஊர்ப் பெட்டி அடி வாங்குவது அதற்கு முன்னால். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, ஜல்லி பெயர்ந்த ஓரத்தில் இழுத்து, மெட்ரோ வாசல் வரை கொண்டு போக வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் மெட்ரோ திறந்த பிறகு, ரயில் மாறாமல் நேரே ஏர்போர்ட்டில் போய் இறங்க முடிகிறது. வடசென்னைக்கு இது பெரிய வசதி. டாக்ஸி காசு மிச்சம். ஆனால் டாக்ஸியில் போனால் டிக்கியில் படுத்திருக்கும் பெட்டி, இப்போது வீட்டு வாசலிலிருந்தே தன் காலில் நடக்க வேண்டியிருக்கிறது.

அதனால் சக்கரத்தில் ஆரம்பிப்போம். நான்கு சக்கரம் வைத்து எந்தப் பக்கமும் சுழலும் பெட்டிதான் இன்றைய ஃபேஷன். கவுன்ட்டர் வரிசையில் நிற்கும்போது அது சுகம். கரடுமுரடான சாலையில் அதே சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் முதலில் உடைவதும் அதுதான். சாய்த்து இழுக்கும் இரண்டு சக்கரப் பெட்டியில் சக்கரம் பாதி உள்ளே புதைந்திருக்கும், அளவிலும் பெரிதாக இருக்கும். நம் தெருவுக்கு அதுதான் சரி. நான்கு சக்கரம்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு மூலையிலும் இரட்டைச் சக்கரம் இருக்கிறதா, ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ இருந்தால் கழற்றி மாற்றலாம். ரிவெட் அடித்திருந்தால் ரிப்பேர்காரரும் யோசிப்பார்.

ஒரு சின்ன ஆச்சரியம்: பெட்டிக்குச் சக்கரம் வந்ததே சமீபத்தில்தான். 1970இல் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கருக்கு அந்த யோசனை வந்து, 1972இல் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் இழுக்கும் நீள் கைப்பிடிப் பெட்டி, 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி செய்தது. அதற்கெல்லாம் முன்னால் மெட்ராஸ் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களிடம் இருந்தது தகர டிரங்குப் பெட்டிதான்!

அடுத்தது மேல் ஓடு. மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஓங்கி அடித்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட் வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிரும், விலையும் கூடுதல். பாலிப்ரொப்பிலீன் இரண்டுக்கும் நடுவே, நெகிழ்வானது, நடு விலைப் பெட்டிகளில் நிறைய வருகிறது. கடையில் கட்டை விரலால் நடுவில் நன்றாக அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் உடனே வெளியே வந்தால் நல்லது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

என்னைக் கேட்டால், வளைகுடா போகிறவருக்குத் துணிப் பெட்டிதான். ஹார்டு பெட்டி விரிசல் விட்டால் கதை முடிந்தது. துணிப் பெட்டி கிழிந்தால் செருப்பு தைக்கிற அண்ணனே நைலான் நூலில் தைத்துத் தந்துவிடுவார். ரன்னர் போனால் அதை மட்டும் மாற்றலாம். மழையில் நனையும் என்பது குறைதான். டிசம்பரில் கிளம்புகிறவர்கள் துணிகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு அடுக்கிக்கொள்ளலாம்.

எடை விஷயத்தைப் பலரும் கடையில் கேட்பதே இல்லை. பெரிய ஹார்டு பெட்டி காலியாகவே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். லேசான துணிப் பெட்டி மூன்று கிலோ. டிக்கெட்டில் 30 கிலோ என்றால் அதில் பெட்டியின் எடையும் சேர்த்திதான். இரண்டு கிலோ வித்தியாசம் என்பது இரண்டு கிலோ ஊறுகாய், கருவாடு, வீட்டு மிளகாய்த்தூள். கவுன்ட்டரில் கூடுதல் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். அங்கே வரிசையை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து, அம்மா கட்டிக்கொடுத்ததை எடுத்து வெளியே வைக்கும் பையன்களை ஏர்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். (மசாலா என்றதும் ஞாபகம் வருகிறது: ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. குருமாப் பொடியில் கூட வேண்டாம்.)

பெரிசாக வாங்கிவிட்டால் நிறைய அடைக்கலாம் என்ற கணக்கும் பலிக்காது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பல விமான நிறுவனங்களின் விதி. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான இடங்களில் வாங்கவே மாட்டார்கள், தூக்கிப் போடுகிறவர்களின் முதுகும் முதுகுதானே.

அப்படியானால் விலை உயர்ந்த பெட்டியை யார்தான் வாங்குவது? கப்பல் ஆட்கள் வாங்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை காண்ட்ராக்ட் முடிந்து, எந்த நாட்டுத் துறைமுகத்திலோ இறங்கி, இரண்டு மூன்று விமானம் மாறி வருகிறவர்கள் அவர்கள். கேங்வே ஏணியில் பெட்டியைக் கையால் தூக்கி ஏற வேண்டும். அங்கே சக்கரத்தால் பயனில்லை, பக்கவாட்டுக் கைப்பிடிதான் காப்பாற்றும். 12,000 ரூபாய்ப் பெட்டி பத்து வருஷம், நாற்பது விமானம் என்று ஓடினால் விமானத்துக்கு 300 ரூபாய். அதே பெட்டியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர் வாங்கினால், பத்து வருஷத்திலும் பத்துப் பதினைந்து விமானம்தான். மீதி நேரமெல்லாம் பரண் மேலே, பாதி வீடுகளில் பழைய போர்வைகள் வைக்க.

ஒரு லட்சத்துக்கு மேல் விற்கும் ரிமோவா அலுமினியப் பெட்டி பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அது வேறு உலகம், அவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கத் தேவையில்லை.

'ஐந்து வருஷ வாரன்டி' என்ற அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான வாரன்டி தயாரிப்புக் குறைக்குத்தான். விமானத்தில் உடைந்தால் அதில் சேராது. பிரிக்ஸ் அண்ட் ரைலி மாதிரி ஓரிரு பிராண்டுகள் அதையும் சரி செய்து தருகின்றன, விலை அதற்கேற்றபடி. டிஎஸ்ஏ பூட்டு என்று தனியாகக் காசு வாங்கினால், அமெரிக்கா போகிறவர் மட்டும் யோசியுங்கள். அந்த நாட்டு அதிகாரிகள் உடைக்காமல் திறக்கத்தான் அது. சாதாரண ஜிப்பை ஒரு பால்பாயின்ட் பேனா முனையாலேயே பிளந்துவிட முடியும் என்பதால், பூட்டை நம்பி நகையோ பணமோ உள்ளே வைக்கக் கூடாது.

பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், ஐடிஐ சான்றிதழ், கப்பல் ஆட்கள் என்றால் சிடிசி புத்தகம், மருந்து, ஒரு செட் துணி எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும். பவர் பேங்க்கும் அதில்தான், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. பெட்டி தாமதமானாலும் மறுநாள் வேலையில் சேர இது போதும். மாமா வாங்கித் தரச் சொன்ன 'நல்ல கம்பெனி' பெட்டி தொலைந்தாலும், அம்மா சொன்ன பாரிமுனைப் பெட்டி தொலைந்தாலும், சான்றிதழ் அதோடு போனால் சங்கடம் ஒன்றுதான்.

பெட்டி உடைந்து வந்தால் வெளியே வந்துவிடாதீர்கள். பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் பேக்கேஜ் கவுன்ட்டரில் எழுதிக் கொடுத்து, பிஐஆர் என்ற ரிப்போர்ட்டின் நகலை வாங்குங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு பயணிக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர், அதாவது ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் அளவில். அது உச்சவரம்புதான், நிரூபித்த நஷ்டத்துக்குத்தான் பணம் வரும். கீறல், சக்கரம் உடைவது எல்லாம் எங்கள் பொறுப்பல்ல என்று பல நிறுவனங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன.

அதனால் பெட்டி வாங்கிய பில், மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதன் போட்டோ, மூடிய பிறகு நான்கு பக்கமும் போட்டோ. எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிடுங்கள், போன் தொலைந்தாலும் அங்கே இருக்கும். கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினால், பெல்ட்டில் வரும் கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே உங்களுடையது தூரத்திலேயே தெரியும்.